இன்னும் கொஞ்சம் பச்சை ஏறட்டும்

இன்று உங்களுக்கு ஓர் உயிரினத்தை அறிமுகப்படுத்துகிறேன். பயப்பட வேண்டாம், கடிக்காது. கடிப்பதென்று முடிவு செய்தாலும் இன்றைக்குக் கடிக்காது. பல் இன்னும் கொஞ்சம் கூராகட்டும் என்று நாளைக்குத் தள்ளிவைத்துவிடும். 'இன்னும் கொஞ்சக்காரர்' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்கலாம். யோசித்துக்கொண்டே இருந்தால் என்னையும் அந்த இனத்தில் சேர்த்துவிடுவார்கள் என்பதால் இத்தோடு விட்டேன்.

இவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். கோபித்துக்கொள்வார், நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும். சோம்பேறி ஆரம்பத்தைத் தள்ளிப்போடுவான். இவரோ ஆரம்பிப்பதில் புலி. விடியுமுன் எழுந்து, வேர்க்க விறுவிறுக்க உழைத்து, அக்கம்பக்கம் வாய்பிளக்கும்படி ஒன்றை வளர்த்து, பார்த்துப் பார்த்துத் தேற்றி, கையை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம் என்ற இடம்வரை கொண்டுவந்துவிட்டு, அங்கேயே நின்றுகொள்வார். கையை மட்டும் நீட்ட மாட்டார்.

பார்த்திருப்பீர்கள். சோபா வாங்கி, அதன்மேல் வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல், உட்காரும் விருந்தாளியெல்லாம் சறுக்கித் தரைக்கு வருவதைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருப்பவர் இவர்தான். படம் எடுக்கிறேன் என்று குடும்பத்தை வெயிலில் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் நெருங்குங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க என்று சொல்லிச் சொல்லி, சரியாகக் குழந்தை அழத் தொடங்கும்போது பொத்தானை அழுத்துபவரும் இவர்தான். நல்ல நாளுக்கென்று அலமாரியில் வைத்த புதுச் சட்டை, நல்ல நாள் வந்தபோது வயிற்றில் மூட மறுத்தது யாருக்கு? இவருக்குத்தான்.

ஆனால் இந்த இனத்தை அதன் முழுப் பொலிவோடு காண வேண்டுமானால் பாசி வளர்க்கும் இடத்தில்தான் காண வேண்டும். என் ஜன்னலுக்கு நேர் கீழே ஒருவர் வளர்க்கிறார். தெருவில் அவருக்குத் தொட்டிக்காரர் என்று பெயர். வீட்டுக்குப் பின்னால், துணிக் கொடிக்கும் மதில் சுவருக்கும் நடுவே, முழங்கால்கூட நனையாத ஆழத்தில் நீளமாக ஒரு தொட்டி. மேலே வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் கூரை. ஒரு முனையில் சின்ன மோட்டார் ஒரு துடுப்புச் சக்கரத்தைச் சுழற்ற, தண்ணீர் நடுச்சுவரைச் சுற்றி நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கும் ஜெயிக்கும் எண்ணமில்லாத ஓட்டப்பந்தயம்.

சோடாவும் உப்பும் கரைத்த அந்தத் தண்ணீரில் வளர்வது நுண்பாசி. ஒன்றைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் நுண்ணோக்கி வேண்டும். பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்தது போலச் சுருள் சுருளாக இருக்கும். கோடிக்கணக்கில் சேர்ந்தால் பச்சை. வடித்துக் காயவைத்தால் பச்சைப் பொடி. அந்தப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்தால், நம்ப மாட்டீர்கள், நீலம் இறங்கும். இத்தனை நாள் பச்சைக்குள் சத்தமில்லாமல் ஒரு நீலம் குடியிருந்திருக்கிறது. குழந்தைகள் தின்னும் மிட்டாயில் ரசாயன நீலம் வேண்டாம் என்பவர்கள் இந்த நீலத்தைத் தேடி அலைகிறார்கள்.

வளர்க்கும் வித்தை ரொம்பச் சின்னது. பாசிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. கூட்டம் சேர்ந்துவிட்டால் மேலே மிதப்பது கீழே இருப்பதற்கு வெளிச்சத்தை விடாது. பந்தியில் முன்வரிசையே எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது மாதிரி. அதனால் ஓரளவு அடர்ந்ததும் மூன்றில் ஒரு பங்கை மெல்லிய துணியில் வடித்து எடுத்துவிட்டு, வடிந்த தண்ணீரைத் திரும்ப ஊற்றிவிட வேண்டும். எடுத்தால் வளரும். எடுக்காவிட்டால் அப்படியே நிற்கும், பிறகு நிற்கவும் நிற்காது. அடர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு குச்சியின் நுனியில் வெள்ளைத் தட்டு ஒன்றைப் பொருத்தித் தண்ணீரில் இறக்குவார்கள். மூன்று விரல் ஆழத்துக்குள் தட்டு கண்ணுக்கு மறைந்துவிட்டால், துணியை எடு, வடி. அவ்வளவுதான்.

ஆனால் நம் ஆளிடம் போய் அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியுமா?

காலையில் பல் துலக்கும் முன்பே தட்டோடு வந்துவிடுவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டி ஓரத்தில் குந்தி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீரில் இறக்குவது போலத் தட்டை இறக்குவார். பக்கத்தில் மைத்துனன் நிற்பான், மனைவியின் தம்பி. தோளில் வடிதுணி தயாராகத் தொங்கும்.

"மறையுதா மாப்ள?"

"மறைஞ்சிடுச்சு மாமா."

"மறைஞ்சிடுச்சா, மறையற மாதிரி இருக்கா?"

"போயே போச்சு மாமா. இனிமே தேடித்தான் எடுக்கணும்."

தொட்டிக்காரர் தட்டை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி இறக்கி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்ப்பார். முகத்தில் மெல்ல ஓர் ஒளி பரவும். அந்த ஒளி பரவினால் மைத்துனன் துணியை உதறிக் கொடியில் போட்டுவிடுவான். அடுத்து வரப்போகும் வாக்கியம் அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கொடியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கும் தெரியும்.

"இன்னும் கொஞ்சம் பச்சை ஏறட்டும்."

மைத்துனனுக்கு இது விளையாட்டில்லை. வண்டி பேட்டரி விற்கும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவனை, நீ என் கூட்டாளியாக வா, நம் நீலம் ஊரெல்லாம் போகும் என்று பேசிப் பேசி அழைத்துவந்தவர் இவர்தான். கடை முதலாளி நல்ல மனிதர். மாதக் கடைசிவரை ஸ்டூலைக் காலியாக வைத்திருக்கிறேன், வருகிறாயா இல்லையா என்று அதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றிருந்தார். அதே மாதக் கடைசிச் சனிக்கிழமைதான் மிட்டாய் ஆலை நடத்தும் அம்மாள் பொடி வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார். பொடி பிடித்துப்போனால் வருடம் முழுக்க வாங்கிக்கொள்வார், மைத்துனன் கூட்டாளியாகிவிடுவான். பிடிக்காமல் போனால் அவன் ஸ்டூலுக்குத் திரும்ப வேண்டும். கையில் எதுவும் இல்லாமல் அக்கா வீட்டுச் சோறு எத்தனை நாள் தொண்டையில் இறங்கும்?

அதனால் அவன் நச்சரித்தான். நச்சரிப்பவர்களைச் சமாளிக்க இந்த இனத்திடம் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். ஒன்று தீர்ந்தால் அடுத்தது. முதல் வாரம், பாசிப் பிள்ளைக்கு இப்போதுதான் உடம்பு தேறுகிறது என்றார். அடுத்த வாரம், வெயில் நன்றாக அடிக்கிறது, அடிக்கிற நேரத்தில் போய் ஏன் எடுக்க வேண்டும் என்றார். அதற்கடுத்த வாரம் வெயில் குறைந்தது. குறைந்த நேரத்தில் எடுத்தால் எப்படித் தேறும் என்றார். இவையெல்லாம் சில்லறைக் காரணங்கள். பெரிய காரணத்தைப் பத்திரமாக உள்ளே வைத்திருந்தார். நிழலில் வளரும் பாசியில் நீலம் கூடும். இது உண்மை, அவர் எங்கோ படித்ததும் உண்மை. "அதனாலதான் சொல்றேன் மாப்ள, அடர அடர ஒண்ணுக்கொண்ணு நிழல் குடுக்கும். நிழல் கூடினா நீலம் கூடும். நாம எதுவுமே செய்ய வேண்டாம்." பாதி உண்மை கையில் கிடைத்த மனிதனைப் போல நிம்மதியாகத் தூங்குபவர் உலகத்தில் யாரும் இல்லை. வெளிச்சமில்லாமல் கிடந்தால் பாசி வளராது என்ற மறுபாதி, படிக்கும்போது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அடுத்த பக்கத்தை அவர் நாளைக்கென்று வைத்திருப்பார்.

பார்க்க வருபவர்களுக்கு மட்டும் குறையே இல்லை. தண்ணீர் வரி வாங்க வந்தவர், கேஸ் சிலிண்டர் போட வந்தவர், தவறான விலாசத்துக்குப் பொட்டலம் கொண்டுவந்தவர் எல்லாரையும் பின்கட்டுக்குக் கூட்டிப்போவார். எல்லாருக்கும் தட்டு இறக்கிக் காட்டப்படும். எல்லாரும் ஆகா என்பார்கள். எப்போது எடுப்பீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால், பச்சைக் குழந்தையை எப்போது கட்டிக்கொடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டது போல முகம் சுருங்கிப்போகும்.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் வருபவர்களுக்குக் கண் சோதித்துப் பார்ப்பவர். முதல் எழுத்து தெரியுதா, இரண்டாவது தெரியுதா என்று நாள் முழுக்க அந்நியர்களிடம் கேட்டுவிட்டு வந்து, வீட்டிலும் ஒருவர் தட்டு தெரியுதா என்று கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்ப்பவர். அவருக்கு இந்த நோயின் வரலாறு அடியோடு தெரியும். ஒருநாள் கொடியில் காய்ந்த துணி எடுக்க வந்தபோது தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்க மாமா என்கிட்ட விஷயத்தைச் சொல்ல தினமும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தாரு. வருவாரு, நிப்பாரு, என் பஸ் வந்ததும் கையாட்டி அனுப்பி வெச்சிட்டுப் போயிடுவாரு. கடைசில நானே கேட்டுட்டேன். கேக்கலேன்னா இன்னிக்கும் அங்கதான் நின்னுட்டிருப்பாரு. ஸ்டாப்பையே வேற தெருவுக்கு மாத்திட்டாங்க."

"அப்புறம் என்னக்கா சொன்னாரு?"

"நாளைக்குச் சொல்றதா இருந்தேன்னாரு."

மாதக் கடைசி நெருங்கியது. தட்டு இப்போது மூன்று விரல் ஆழத்தில் மறைவதில்லை. நகக்கண் நனைவதற்குள் மறைந்தது. பச்சை, பச்சை என்ற நிலையைத் தாண்டிக் கறுப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சக்கரம் சுழலும்போது தண்ணீர் தெறிக்காமல் கூழ் போலப் புரண்டது. புழுக்கமான நாட்கள் வேறு. ஓரத்தில் நுரை கட்டியது. மைத்துனன் அதைக் காட்டினான். நல்ல உடம்பு என்றால் வேர்க்கத்தானே செய்யும் என்றார் மாமா. ஒரு மாதிரி வாடை வருகிறதே என்று அக்கா ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து வீட்டுக் குழம்பாக இருக்கும் என்றார் தொட்டிக்காரர். பக்கத்து வீட்டில் இரண்டு நாளாகப் பூட்டு தொங்கியது.

வியாழக்கிழமை மைத்துனன் பொறுமையிழந்து, மாமா குளிக்கும் நேரம் பார்த்து, வாளியும் துணியுமாகத் தொட்டியில் இறங்கப் போனான். ஈரத்தலையோடு ஓடிவந்த தொட்டிக்காரர் கைகளை விரித்து, போகாதே என்று ரயிலை மறிப்பவர் போலத் தொட்டிக்கு முன்னால் நின்றார். வெள்ளிக்கிழமை கட்டாயம் வடிப்பது என்று இருவருக்கும் சமாதானம் ஆனது. வெள்ளிக்கிழமை காலையில் வானம் மூடிக்கொண்டது. நிழல்! நீலம் கூடும் நாள்! இந்த நாளிலா எடுப்பது? சனிக்கிழமை அந்த அம்மாள் கண்ணெதிரிலேயே வடித்து ஈரமாகக் கொடுத்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்றார். மைத்துனன் துணியை மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை விடிந்ததும் கீழே தொட்டிக்காரரின் கூவல் கேட்டு எட்டிப்பார்த்தேன்.

"ஏங்க! யாரு இருக்கா? வாங்க இங்க! நீலம் வந்திருச்சு!"

வந்துதான் இருந்தது. மேலே மஞ்சளும் பழுப்புமாகக் கட்டிகள் மிதந்தன. அவற்றுக்கு இடையே, சக்கரத்தைச் சுற்றி, நுரையின் விளிம்பில் எல்லாம் நீலம். மையை யாரோ கவிழ்த்துவிட்டது போன்ற, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத நீலம். நானும் ஒரு நிமிடம் மயங்கித்தான் போனேன். பிறகு வாடை மேலே வந்து சேர்ந்தது. தொட்டிக்காரர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "பாத்தியா மாப்ள? ஊற வைக்கவே வேண்டியதில்ல. தானா இறங்கிருச்சு. நான் சொன்னேன்ல?" மைத்துனனுக்கும் அதற்குமேல் தெரியாது. அவனும் சிரித்தான். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தான். அக்கா மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மிட்டாய்க்கார அம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்தார். கனத்த உடம்பு, பருத்திப் புடவை, கையில் பொடி வாங்கிப்போகக் கொண்டுவந்த வெறும் டப்பா. தொட்டிக்காரர் அவரைப் பின்கட்டுக்கு அழைத்துவந்து, திரை விலக்கும் தோரணையில் பிளாஸ்டிக்கைத் தூக்கினார். அம்மாள் குனிந்தார். விரலை நனைத்து முகர்ந்தார்.

"இதுக்கு முன்னாடி வடிச்சது எங்க சார்?"

"வடிக்கலைங்க. எல்லாம் இதுலயேதான் இருக்கு. மொத்தமா."

"ஒரு தடவகூட எடுக்கலையா?"

"சேரட்டும்னு விட்டோம்."

அம்மாள் விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். அது நீலமாகவே ஒட்டிக்கொண்டது.

"உயிரோட இருக்கிற பாசி நீலத்தை வெளிய விடாது சார். இது நெரிசல்ல வெடிச்சுச் செத்துக் கிடக்கு. நான் நீலம் வாங்க வந்தேன். நீங்க பொணத்தைக் காட்டுறீங்க."

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டிக்காரர், இந்தத் தண்ணீரையே வடிகட்டிக் கொடுத்தால் என்று ஆரம்பித்தார்; சோடாவும் உப்பும் அழுகலும் கலந்ததைக் குழந்தைகள் வாயில் வைக்க முடியுமா என்று அம்மாள் கேட்டதும் அடங்கிப்போனார். போகும்போது அம்மாளுக்கே மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. வாசலில் நின்று திரும்பினார். "எனக்கு மொத்தமா மலை மாதிரி வேண்டாம் சார். வாராவாரம் கொஞ்சம் வந்தா போதும். எப்ப கையில இருக்கோ அப்பக் கூப்பிடுங்க." வெறும் டப்பா வந்த வழியே வெறும் டப்பாவாகத் திரும்பியது.

அன்று அந்த வீட்டில் சத்தம் எழும் என்று எதிர்பார்த்தேன். எழவில்லை. அக்கா தம்பியிடம், கிளம்பு, ஸ்டூல் இன்றுவரை காலியாக இருக்கும், முதலாளி வார்த்தை தவற மாட்டார், வருகிறேன் என்று போன வாரமே சொல்லியிருப்பாய்தானே என்று கேட்டார். மைத்துனன் துணிக் கொடியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.

"சொல்லலைக்கா."

"ஏன்டா?"

"ரெண்டு தடவ போன் பண்ணாரு. ஆர்டர் என்ன ஆகுதுன்னு தெரியட்டும், இன்னும் ஒரு நாள் பாத்துட்டுச் சொல்லிடலாம்னு எடுக்கல."

கவனித்தீர்களா? மாதம் முழுக்க மாமாவைக் கேலி செய்தவன், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வடி வடி என்று உயிரை வாங்கியவன், தன் விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டிய இடத்தில் அதைத் தொட்டிக்குள்ளேயே விட்டு அடரவைத்திருக்கிறான். ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள்கூட இல்லை. ஒரே வீட்டில் சாப்பிட்டதற்கே இப்படி. விழுந்தடித்துக் கடைக்கு ஓடினான். ஸ்டூலில் வேறொருவன் உட்கார்ந்து, புது ஆளுக்கே உரிய சுறுசுறுப்போடு பேட்டரியைத் துடைத்துக்கொண்டிருந்தானாம். பதில் வராததால், வர விருப்பமில்லை போலும் என்று முதலாளி காலையில்தான் அவனை உட்காரவைத்தாராம். வருத்தப்பட்டாராம். தேநீர்கூட வாங்கிக் கொடுத்தாராம்.

திரும்பி வந்தவன் தொட்டியைத் திறந்துவிட்டு, கால்வாய்வரை நீலம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தொட்டிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாது மாப்ள என்றார். இதை அவர் உடனே, அந்த இடத்திலேயே, தள்ளிப்போடாமல் சொன்னார் என்பதை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். மைத்துனன் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினான். "இனிமே வடிக்கிறது என் வேலை. நீங்க தட்டைத் தொடக் கூடாது மாமா." அவர் தலையாட்டினார். போக வேறிடம் இல்லாதவனின் குரலில் இருந்த அதட்டல் அப்படிப்பட்டது.

அழகுக்காக அக்கா முன்பே தொட்டியில் மொண்டு சமையலறை ஜன்னலில் வைத்திருந்த பாட்டில் பாசியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். தொட்டி கழுவப்பட்டது. பச்சை மெல்ல வந்தது. மூன்று விரல் ஆழத்தில் தட்டு மறைந்த அன்றே மைத்துனன் வாளியோடு இறங்கினான். தொட்டிக்காரர் மதில் பக்கம் திரும்பிக்கொண்டார், ஊசி போடும்போது குழந்தையைப் பார்க்க முடியாத தகப்பனைப் போல. வடித்த மறுநாளே பாசி மறுபடி தழைத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வடித்தார்கள். எடுக்க எடுக்க வந்தது. சின்னப் பொட்டலமாக வாராவாரம் ஆலைக்குப் போனது. மிட்டாய்க்கார அம்மாள் மைத்துனனின் கைபேசி எண்ணைத்தான் வாங்கிவைத்துக்கொண்டாராம்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் அவ்வளவு சீக்கிரம் அழியாது. பார்க்க வருகிறவர்களிடம் இப்போது, நானாகப் பார்த்து எடுக்கச் சொன்னதால்தான் இப்படித் தழைக்கிறது என்கிறார். அவர்கள் நீலத்தில் செய்த முதல் மிட்டாய்களில் மூன்றை அந்த அம்மாள் ஜரிகைத்தாளில் சுற்றி அனுப்பியிருந்தார். மனைவியும் தம்பியும் தங்கள் பங்கை அன்றே கடித்துத் தின்றுவிட்டார்கள். அவருடைய பங்கு மிட்டாய் மட்டும் அலமாரியில் நிற்கிறது. நல்ல மிட்டாய், அவசரமென்ன, ஒரு நல்ல சந்தர்ப்பம் வரட்டும் என்கிறார். சந்தர்ப்பத்துக்கு முன்னால் எறும்பு வந்துவிட்டது. வரிசையாகப் போகிற எறும்புகளின் வாயோரம் நீலமாக இருப்பதாக மைத்துனன் சத்தியம் செய்கிறான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். சிரித்துக்கொண்டே வரும்போது நடுவில் எங்கோ உங்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. நீங்கள் பேச வேண்டிய ஒருவர். மன்னிப்போ, நன்றியோ, வெறும் எப்படி இருக்கே என்பதோ. வார்த்தையெல்லாம் தயார், எப்போதோ தயார், நேரம்தான் கூடிவரவில்லை. உண்மைதான், இந்த மாதிரி இருக்கக் கூடாது, நாமும் மாற வேண்டும் என்று அந்தக் கணத்தில் உங்களுக்கே தோன்றியது. முகம்கூடக் கொஞ்சம் தீவிரமானது. உடனே அடுத்த எண்ணமும் வந்தது: ஒன்றாம் தேதியிலிருந்து மாறிவிட வேண்டும்.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று இப்போது விரல்விட்டு எண்ணுகிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.